இடுப்புக் கதிர் சிகிச்சையும் விந்தகக் காப்பும்

ஆண்களின் இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது சீக்கிரம் பாதிக்கப்படும் உறுப்பு விந்தகம். கதிர் நேராக அதன்மேல் விழவேண்டும் என்பதில்லை. மலக்குடலுக்கோ புரோஸ்டேட்டுக்கோ பாய்ச்சியதிலிருந்து சிதறி வருவதே போதும்.

கதிர் மருத்துவம் பிறந்த சில ஆண்டுகளிலேயே இது தெரிந்துவிட்டது. ஹாம்பர்க் நகர மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் எக்ஸ் கதிர் பட்ட முயல்களும் கினிப் பன்றிகளும் மலடாவதை 1903இல் கண்டார். போர்தோவில் பெர்கோனியேவும் திரிபோன்தோவும் எலிகளின் விந்தகத்தை ஆராய்ந்து, ஓயாமல் பிரியும் முதிராத செல்களே கதிரில் எளிதாக மடியும் என்று 1906இல் விதி வகுத்தார்கள். விந்தணுவை உண்டாக்கும் செல்கள் அழிந்தன. பக்கத்திலேயே இருந்து டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்கள் தாக்குப்பிடித்தன. ஆண்மை குறையாமலே பிள்ளைப்பேறு மட்டும் போய்விடலாம் என்ற, இன்றும் நோயாளிகள் குழம்புகிற வேறுபாட்டுக்கு விளக்கம் அந்த எலிகளிடமே கிடைத்தது.

அந்த நாளில் புதுச்சேரியை ஒட்டிய வில்லியனூரும் பாகூரும்கூடப் பிரெஞ்சு ஆட்சியின் கம்யூன்கள். ஆனால் இப்பகுதியில் கதிர் மருத்துவம் வேரூன்றியது சென்னையில்தான். பார்னார்ட் கதிரியல் நிலையம் 1934இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957இல் கோபால்ட் கருவி கிடைத்தது. கோபால்ட் ஆழமாகப் பாயும். கதிர்ப் புலத்தின் விளிம்போ மங்கலானது. அந்த மங்கல் விளிம்பின் பங்கு தொடை இடுக்குவரை எட்டும். பின்னர் வந்த லீனியர் ஆக்சிலரேட்டரின் விளிம்பு கூர்மையானது என்பதாலேயே சிதறல் ஓரளவு குறைந்தது.

எவ்வளவு கதிர் எவ்வளவு கெடுதல் செய்யும் என்ற கணக்கு வந்த வழி அசிங்கமானது. 1963 முதல் சுமார் பத்தாண்டுகள் அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் கைதிகளின் விந்தகத்தில் வேண்டுமென்றே கதிர் பாய்ச்சினார்கள். மிகச் சிறிய அளவுகூட விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், அளவு ஏற ஏற மீள்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பது அப்படித் தெரிந்ததே. பல தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தால் விந்தகத்துக்குக் கெடுதல் குறையாது, கூடவும் செய்யலாம். மற்ற உறுப்புகளுக்கு இது நேர்மாறு.

காப்பு முறைகளில் பழையது ஈயக் கூடு. இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்துச் சேர்த்தாற்போல விரைப்பையைச் சுற்றி மூடுவார்கள். கருவியிலிருந்து கசிவதையும் வெளியிலிருந்து சிதறி வருவதையும் அது தடுக்கும். உடலுக்குள்ளேயே சிதறி வருவதை முழுக்கத் தடுக்காது. ஆகவே புலத்தையே சுருக்குவது கூடுதல் பலன் தந்தது. விந்தகப் புற்றில் செமினோமா என்ற வகைக்கு, மகாதமனியோரத்தோடு ஒருபக்க இடுப்பையும் சேர்த்துக் கதிர் கொடுப்பது வழக்கமாக இருந்தது. இடுப்பை விட்டுவிட்டாலும் நோய் கட்டுப்படும், விந்தணுவும் சீக்கிரம் மீளும் என்று ஐரோப்பிய ஆய்வு ஒன்று 1999இல் காட்டியது.

மூன்றாவது வழியான விந்தணுச் சேமிப்பு கதிர் அறைக்கு வெளியே பிறந்தது. கிளிசரினில் உறைய வைத்தால் விந்தணு பிழைக்கும் என்று 1949இல் தெரிந்தது. உறைய வைத்த மனித விந்தணுவால் கரு உண்டானது 1953இல். இந்தியாவில் விந்தணு வங்கிகளுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்.

புதுச்சேரியில் 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், இன்று கோரிமேட்டில் மண்டலப் புற்றுநோய் மையமும் நடத்துகிறது. மலக்குடல் புற்றுக்குக் ‘கரண்டு வைக்க’, அதாவது கதிர் சிகிச்சை பெற, பாகூர்ப் பக்கத்து ஆள் வாரத்துக்கு ஐந்து நாள் என ஐந்து வாரத்துக்கு மேல் வரவேண்டியிருக்கும். நம் நாட்டில் இந்நோய் குழந்தை பெறும் வயதிலும் பலருக்கு வருகிறது. ஈயக் கூட்டைத் தினமும் வைக்கலாம். விந்தணுச் சேமிப்பை முதல் தவணைக்கு முன்பே முடித்தாக வேண்டும். கூச்சத்தில் நோயாளியும் அவசரத்தில் மருத்துவரும் பேசாமல் விட்டுவிடும் இடம் இதுதான். சிகிச்சை முடிந்தபின் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுவரை கருத்தடை கடைப்பிடிக்கச் சொல்வது வழக்கம். மீண்டு வரும் முதல் விந்தணுக்களில் மரபணுச் சேதம் இருக்கக்கூடும்.