கிள்ளானுக்கு வடக்கே ஒரு கடலோரச் சடக்கு



விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடலோரமாகப் போய்வர யாருக்குத்தான் ஆசை இருக்காது? இன்று நாம் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு, கிள்ளான் வழியாக வடக்கே கோலா சிலாங்கூரையும் தாண்டிப் போய் வருவோம். வழியில் கண்ணுக்கு விருந்து உண்டு. அத்துடன் நம் பாட்டன் பாட்டிமாரின் கதையும் அங்கே கிடக்கிறது.

முதலில் பிரிக்பீல்ட்ஸ். 1881இல் கோலாலம்பூரை நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரை வீடுகள் அழிந்தன. இனிக் கட்டடங்களைச் செங்கல்லால் எழுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தச் செங்கல்லைச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. பிறகு ரயில்வேயில் வேலை செய்த தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள்.

கிள்ளானைக் கடந்து காப்பார், ஜெரம் என்று வடக்கே போகும் சடக்கில் ஏறுவோம். கடலோரச் சடக்கு என்று பெயர்தான். பல இடங்களில் கடல் கண்ணில் படாது. சேற்றுக் கரையும் கண்டல் காடும் அதை மறைத்து நிற்கும். இந்த நிலத்தில்தான் ஒரு காலத்தில் காப்பி நட்டார்கள். பின்னர் ரப்பர் வந்தது. இன்று இருபுறமும் செம்பனைதான் அதிகம்.

செம்பனை என்றதும் ஒரு செய்தி. கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் உட்பகுதியில் தென்னமரம் என்று ஒரு தோட்டம் உண்டு. நம் தென்னை மரம்தான் அந்தப் பெயர்! ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே செம்பனை பயிரிட்டார். இந்நாட்டில் வாணிப நோக்கோடு அமைந்த முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. அவர் பின்னாளில் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் பெயர் நூலில் நின்றது. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களின் பெயர்களை எந்த நூல் சொல்கிறது?

இனி கோலா சிலாங்கூர். புக்கிட் மெலாவத்தி குன்றின்மேல் ஏறினால் ஆற்றின் முகத்துவாரமும் மலாக்கா நீரிணையும் விரிந்து தெரியும். 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அவர்களை விரட்டி மீட்டுக்கொண்டார். அங்குள்ள கலங்கரை விளக்கம் 1907இல் கட்டப்பட்டது. இருட்டிய பின் கம்போங் குவாந்தானில் படகேறினால், ஆற்றோர மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைக் காணலாம்.

அதற்கும் வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான். 1930களில் சதுப்புக் காட்டைத் திருத்தி வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். இன்று கண்ணுக்கெட்டும் தூரம் வரை நெல் வயல்கள். நம் ஊர்த் தஞ்சாவூரைக் கேள்விப்பட்டவர்களுக்கு மனம் நிறைந்துபோகும்.

நேயர்களே, திரும்பும் வழியில் கிள்ளானில் சற்று நிற்போம். 1941ஆம் ஆண்டு அது. தோட்டத்துச் சடக்கில் ஒரு தொழிலாளி சைக்கிளில் வருகிறார். எதிரே துரையோ கிராணியோ வந்தால் அவர் இறங்கித்தான் ஆக வேண்டும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல மருத்துவ வசதி, பெண்களுக்கு மானத்தோடு வேலை, கள்ளுக்கடை மூடல் ஆகியவையும் கேட்டார்கள்.

அவர்களுக்குத் துணை நின்றவர்கள் ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் முதலானோர். மே 6ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். கொதித்தெழுந்த தொழிலாளர்கள் கிள்ளானில் திரண்டார்கள். நிறுத்தம் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, துருப்புகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

கூலி உயர்வு கேட்டது வயிற்றுக்காக. சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றது மானத்துக்காக. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்களே, அதுதான் அவர்கள் பெருமை.

இன்று பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்தன, கோயில்கள் இடம் மாறின. கோட்டைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் அறிவிப்புப் பலகை இருக்கிறது. லயத்துக் கதையை நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை பிள்ளைகளுடன் அந்தச் சடக்கில் போகும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் கை நீட்டிக் காட்டும் இடங்களில் வண்டியை நிறுத்துங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும்.