வாயில்லா வாயில்கள்: ஏபிஆர்எஸ் வரலாற்றில் இணையப் பெறுநிலையங்கள்

அமெச்சூர் வானொலியாளர்களின் ஏபிஆர்எஸ் முறையில் 'பி' என்ற எழுத்து ஒருமுறை பொருள் மாறியிருக்கிறது. முதலில் அது 'பொசிஷன்', அதாவது இருப்பிடம். 1990களில் ஜிபிஎஸ் பரவியபின், முறையை உருவாக்கிய பாப் புரூனிங்கா அதைப் 'பேக்கெட்', அதாவது தரவுப் பொட்டலம், ஆக்கினார். இருப்பிடம் சொல்வது அதன் பல வேலைகளில் ஒன்றுதான் என்று உணர்த்தவே இந்த மாற்றம். ஆனால் பெயர் இருப்பிடத்தை விட்டு விலகிய அந்தப் பத்தாண்டிலேயே, இணைய வாயில்கள் பயன்பாட்டை இருப்பிடத்தை நோக்கித் திருப்பின என்பது என் வாதம்.

புரூனிங்கா அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில் பொறியாளராக இருந்தவர். கடற்படையின் சிற்றலை இருப்பிட அறிக்கைகளைப் படத்தில் குறிக்க 1982இல் ஆப்பிள் 2 கணினியில் நிரல் எழுதினார். 1984இல் விக்-20 கணினியில் எழுதிய அடுத்த வடிவம், 100 மைல் குதிரை ஓட்டம் ஒன்றில் எந்தக் குதிரை எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டியது. 'எங்கே' என்பதோடு 'எப்படி' என்பதும் தொடக்கத்திலேயே சேர்ந்திருந்ததைக் கவனிக்க வேண்டும்.

பின்னர் உருவான ஏபிஆர்எஸ் ஒரு வட்டாரத்தின் பொதுப் பலகை. வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800. 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனிகள் இரண்டும் வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் மாறிமாறி ஒலிக்கும்; காதுக்கு அது 'கர்ர்' என்ற ஒரு சிறு இரைச்சல். உயரத்தில் இருக்கும் டிஜிபீட்டர் அதைக் கேட்டு மறுபடி ஒலிபரப்பும். சுற்றுவட்டாரத்தில் யார் திரையைத் திறந்தாலும் வண்டி, வானிலை, அறிவிப்பு, 67 எழுத்துக்குள் அடங்கும் குறுஞ்செய்தி எல்லாம் ஒரேபோல் தெரியும்.

1990களின் பிற்பகுதியில் ஸ்டீவ் டிம்ஸ் அமைத்த சர்வர் இந்த வட்டாரங்களை இணையத்தில் இணைத்தது. வானொலியில் கேட்டதை அங்கே ஏற்றும் நிலையத்துக்கு ஐகேட், அதாவது இணைய வாயில், என்று பெயர். அதன் பணி இருவழியானது. தன் காதில் அண்மையில் விழுந்த நிலையத்துக்கு இணையத்தில் செய்தி வந்தால், அதைத் திரும்ப அலையில் அனுப்ப வேண்டும். டிம்ஸின் ஃபைண்டு தளமும் பின்னாளில் ஃபின்லாந்தில் பிறந்த ஏபிஆர்எஸ்.எஃப்ஐ தளமும் உலகையே ஒரு வரைபடமாக்கின. பார்க்க வந்தவர்கள் பெருகினார்கள். பதில் அனுப்புகிறவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

இதற்குச் சான்று பேக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: அனுப்பியவரின் அழைப்புக்குறி, கடந்துவந்த டிஜிபீட்டரின் பெயர், அதையடுத்து ஒரு நட்சத்திரக் குறி. அதன்பின் மூன்று எழுத்து, ஐகேட்டின் பெயர். அந்த மூன்றெழுத்து 'கியூஏஆர்' என்றால் பேசவும் வல்ல ஐகேட். 'கியூஏஓ' என்றால் கேட்க மட்டுமே தெரிந்தது. வழக்கமான ஏபிஆர்எஸ் அலைவரிசைகளில் இரண்டாம் வகை வேண்டாம் என்று அந்தக் குறிகளை வகுத்த விதிக்குறிப்பே சொல்கிறது. ஆனாலும் அது பரவியது. தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்த மலிவான யுஎஸ்பி டாங்கிளும் ராஸ்பெரி பை கணினியும் இருந்தால் கேட்கும் நிலையம் தயார். பேசுவதற்கோ ஒலிபரப்பிக் கருவி வேண்டும், அதை இயக்கும் பொறுப்பும் வேண்டும்.

விண்ணில் கதை வேறு. கல்விக்கழக மாணவர்கள் உருவாக்கி 2001இல் அலாஸ்காவின் கோடியாக்கிலிருந்து ஏவப்பட்ட பிசிசாட், இன்றைய சர்வதேச விண்வெளி நிலையம் போன்ற விண் டிஜிபீட்டர்கள் ஓரிடத்துக்கு மேலே சில நிமிடங்களே தெரியும். அங்கே ஒருவர் தவறவிட்ட பேக்கெட்டை இன்னொருவர் பிடித்துவிடுவார்; கேட்கும் காதுகள் எத்தனை இருந்தாலும் நன்மைதான்.

தரையில் அப்படியில்லை. கேட்க மட்டுமே தெரிந்த ஒரே ஐகேட் இருக்கும் பள்ளத்தாக்கில் ஒருவர் வண்டி ஓட்டிப் போகிறார். அவருடைய புள்ளி உலக வரைபடத்தில் பிசகாமல் நகர்கிறது. வீட்டிலிருந்து அவருக்கு ஒரு செய்தி அனுப்புகிறார்கள். சர்வர் அதை ஏற்றுக்கொள்கிறது, ஒப்புகை வரவில்லை. நிரல் சில தடவை திரும்ப அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.