சிறுநீர்த் தொற்றும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலும்

சிறுநீரகங்கள் முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதை வடிவில் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி இரத்தத்திற்கே திரும்பிவிடும். 1 முதல் 2 லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறும். நெஃப்ரானின் கிண்ணம் போன்ற முனைப்பகுதியை 1842-இல் வில்லியம் பௌமன் விளக்கினார்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி கழிக்கத் தோன்றுதல் ஆகியவற்றை மக்கள் 'நீர்க்கடுப்பு' என்பர். உடற்சூடே இதற்குக் காரணம் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில், பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகளுக்குக் காரணம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவே. இதை 1885-இல் தியோடர் எஷரிக் விவரித்தார். பெண்களின் சிறுநீர் வடிகுழாய் சுமார் 4 செ.மீ. நீளமே உடையது. ஆதலால் கிருமி எளிதில் சிறுநீர்ப்பையை அடைகிறது. சிறுநீர் கழியும்போது கிருமிகளும் அடித்துச் செல்லப்படும். நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் வந்தால் இந்தப் பாதுகாப்பு குறைகிறது.

திருப்பூரில் பனியன் தொழில் 1920களில் வேரூன்றியது. 1970களின் இறுதியில் இத்தாலிக்கு ஏற்றுமதி தொடங்கியது. முன்பு ஆண்களே மிகுந்திருந்த இத்தொழிலில், 1980கள் முதல் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். பீஸ் ரேட்டில் தைப்பவர் எழுந்து சென்றால் எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். கழிப்பறை அருகில் இல்லாத இடங்களில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பழக்கமும் உருவாகிறது.

இதற்குரிய சட்டம் பனியன் ஏற்றுமதிக்கு முன்பே வந்துவிட்டது. தொழிற்சாலைகள் சட்டம், 1948, பிரிவு 18 குடிநீரைக் கட்டாயமாக்கியது. பிரிவு 19, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள் வேண்டும் என்றும், பணியிடத்தில் இருக்கும் எந்நேரமும் அவற்றைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்றும் கூறியது. ஆனால், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால்தான் அது பொதுவாகத் 'தொழிற்சாலை' எனப்பட்டது. அதனினும் சிறிய ஜாப் ஒர்க் கூடங்கள் வரம்புக்கு வெளியே நின்றன.

தொற்று அடிக்கடி வரும், குறைவாக நீர் அருந்தும் பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. நாள்தோறும் கூடுதலாக 1.5 லிட்டர் நீர் அருந்தியவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே, குடிநீரும் கழிப்பறையும் மருந்துக்கு நிகரானவை.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி ஆகியவை தொற்று சிறுநீரகத்தை எட்டியதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது உடனே மருத்துவரை அணுக வேண்டும். கர்ப்பிணிகள் சிறு அறிகுறியையும் புறக்கணிக்கலாகாது.