இரவில் உலவும் புழுவும் பகலில் கிடைத்த சான்றும்

யானைக்கால் நோயைத் தீர்ப்பது ஒருபுறம் இருக்க, அது யாரிடம் உள்ளது என்று அறிவதே நெடுங்காலம் அரிய செயலாக இருந்தது. நோய்க்குக் காரணமான புழுவின் நுண்ணிய குஞ்சுகள் பகலில் நுரையீரலின் குருதிக்குழாய்களில் ஒடுங்கிக் கிடக்கும். இரவிலேதான் தோலை அடுத்த குருதியில் உலவும். எனவே மருத்துவப் பணியாளர் இரவு பத்து மணிக்குமேல் வீடு வீடாகச் சென்று, உறங்குவோரை எழுப்பி, விரலிற் குத்திக் குருதி எடுத்தனர். இந்த இரவுச் சோதனைக்கு மாற்று கண்டதில், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குச் சிறந்த பங்குண்டு. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1877 இல், சீனத்து அமோய்த் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர், இப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். பினாங்குச் சீனருட் பலரின் முன்னோர் புறப்பட்ட துறை அது. குஞ்சுகள் இரவில் உலவும் இயல்பை ஆராய்ந்து விளக்கியவரும் அவரே. இரவிற் கடிக்கும் கொசுவுக்கு ஏற்ப இரவில் உலவும் புழு! இயற்கையின் இந்த ஏற்பாடு வியப்புக்குரியது. ஆனால் நமக்கு உகந்ததன்று.

தமிழகத்தில் பெரிதும் காண்பது 'பான்கிராஃப்டி' என்னும் இனம். நம் நாட்டிற் பரவியிருந்ததோ வேறோர் இனம். சுமத்திராவிலிருந்து கிடைத்த குருதியை ஆராய்ந்து, 1927 இல் அதனைத் தனியினமாக அறிவித்தவர் புரூக் என்னும் டச்சு அறிஞர். 'மலாயி' என்பது அவர் இட்ட பெயர். 1960 இல் பக்லி என்பார் அவர் பெயராலேயே 'புரூகியா' என்னும் பேரினத்தை வகுத்தார். இவ்வினத்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நிற்கும். இதனைப் பரப்பும் மான்சோனியாக் கொசுவின் புழுக்கள் மூச்சுக்காக நீர்ப்பரப்புக்கு வருவதில்லை. ஆகாயத்தாமரை முதலிய நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, அங்குள்ள காற்றை உறிஞ்சி வாழ்கின்றன. கேரளத்துச் சேர்த்தலையிலும் இவ்வினமே. அங்கே நோயைத் தடுக்கக் குளங்களில் அச்செடியை அகற்ற நேர்ந்தது.

புழு ஒளியலாம், ஆயின் அது புகுந்த உடல் வாளா இருப்பதில்லை. அயற்பொருளை எதிர்க்கத் தனிவகைப் புரதங்களை ஆக்குகிறது. தமிழகத்தார் இவற்றை எதிர்ப்பொருள் என்பர். இலங்கைப் பாடநூல்கள் பிறபொருளெதிரி என்னும். பிந்திய சொல் நீளமாயினும், பொருள் விளக்கத்தில் அதுவே மேல் என்பது என் கருத்து. இப்புரதங்கள் இரவு பகல் என்ற வேறுபாடின்றிக் குருதியில் உள்ளன.

பான்கிராஃப்டி இனத்தின் பொருள் குருதியில் உண்டா என்று காட்டும் அட்டை முன்னரே வந்திருந்தது. மலாயி இனத்துக்கு அத்தகைய கருவி இல்லை. எனவே, இப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஹ்மா நூர்டினும் குழுவினரும் கிளந்தானிலுள்ள மருத்துவ வளாகத்தில் வேறு வழி தேடினர். புழுவின் மரபணு ஒன்றைப் பாக்டீரியாவிற் புகுத்தி, 'பி.எம்.ஆர். 1' என்னும் புரதத்தை ஆக்கினர். அதனைக்கொண்டு செய்த சோதனையை 2001 இல் வெளியிட்டனர். பின்னர் அது 'புருகியா ரேப்பிட்' என்னும் பட்டையாயிற்று. 2003 இல் தோன்றிய மூலக்கூற்று மருத்துவ ஆய்வு நிலையத்தின் வழி பினாங்கிலும் இப்பணி தொடர்ந்தது.

பட்டை செயற்படும் முறை எளிது. புழுப் புரதம் அதில் ஒரு கோடாகப் பதிந்துள்ளது. நோயாளியின் குருதியில் ஐ.ஜி.ஜி. 4 என்னும் எதிர்ப்பொருள் இருப்பின் அக்கோட்டில் ஒட்டும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாதே! அங்கேதான் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய மற்றோர் எதிர்ப்பொருள் வருகிறது. 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்ட முறையால், ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு பெறலாம். நுண்ணிய பொற்றுகள்களைச் சுமந்து வரும் அது, மனித எதிர்ப்பொருளைத் தேடிப் பற்றுகிறது. சிவந்த கோடு தோன்றுகிறது. ஒரு துளிக் குருதியும் சில நிமிடங்களும் போதும், பகலிலேயே செய்யலாம்.

எதிர்ப்பொருள் மருந்துக்குப் பின்னும் சில காலம் நிற்பதால், முதியோரிடம் தோன்றும் கோடு பழைய நோயின் சுவடாகவும் இருக்கலாம். ஆதலால் உலக சுகாதார நிறுவனம் மலாயி இனப் பகுதிகளில் மருந்தூட்டு முடிந்தபின், ஆறேழு வயதுப் பிள்ளைகளின் குருதியைச் சோதிக்கும் முறையை வகுத்தது. மருந்தூட்டிய ஆண்டுகளில் வளர்ந்த அப்பிள்ளையிடம் கோடு தோன்றினால், கொசு அண்மையிலேதான் புழுவைக் கொணர்ந்தது என்பது தெளிவு.