பூலித்தேவரின் முகம் எங்கே?

லண்டன், 1762. இங்கிலாந்தின் பெரிய போர்ட்ரெய்ட் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் முன்னால், அமெரிக்காவின் செரோக்கி பழங்குடித் தலைவர் ஆஸ்டெனகோ போஸ் கொடுத்தபடி அமர்ந்திருக்கிறார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் கப்பலிலேயே இறந்துவிட்டதால், மனம் விட்டுப் பேசக்கூட ஆள் இல்லை!

ஆஸ்டெனகோவோடு வந்த இன்னொருவரை பிரான்சிஸ் பார்சன்ஸ் என்பவர் வரைந்தார். கையில் கத்தி... கழுத்திலோ பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பெயர் பொறித்த தகடு! இந்த இரண்டு ஆயில் பெயின்டிங்குகளும் இன்று அமெரிக்காவில், டல்சா நகரத்து கில்கிரீஸ் மியூசியத்தின் சொத்து.

ஏன் இத்தனை உபசாரம்? வெள்ளையரோடு கடும் சண்டை போட்ட செரோக்கிகள், 1761ல்தான் சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். நண்பனாகிவிட்டாய் அல்லவா, வா... படம் வரைகிறோம்!

சரியாக அதே 1761ல் நம்மூரில் என்ன நடந்தது தெரியுமா? இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள நெற்கட்டும்செவல் கோட்டை விழுந்தது. 1755ல் கர்னல் ஹெரான் வந்து கப்பம் கேட்டபோது, காலணாகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பிய பூலித்தேவரின் கோட்டை அது. பிடித்தவர் கம்பெனியின் தளபதி யூசுப்கான். அந்த யூசுப்கானே பிறகு கம்பெனியையும் ஆற்காடு நவாபையும் எதிர்த்து, 1764ல் மதுரையில் தூக்கில் தொங்கினார்.

நவாப் முகமது அலியோ கம்பெனியின் தோஸ்த், பெரிய கடனாளியும்கூட! 1769ல் சென்னை வந்த டில்லி கெட்டில் அவரை வரைந்தார். பிறகு வந்த ஜார்ஜ் வில்லிசனும் வரைந்தார். வைரம், முத்து, வாள் சகிதம் ஜம்மென்று நிற்கிறார் நவாப்.

பூலித்தேவரை வரைய எந்தத் துரையும் வரவில்லை. இன்று சிலையிலும் போஸ்டரிலும் நாம் பார்க்கும் மீசை முகம், பிற்காலத்துக் கலைஞர்களின் கற்பனை. யூசுப்கான் என்கிற மருதநாயகம் என்றாலோ, 1997ல் எலிசபெத் ராணி வந்து தொடங்கிவைத்தும் நின்றுபோன படத்தின் கமல் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது!

1792ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். குற்றால அருவியை அழகாக வரைந்தார்கள். அருவிக்குக் கிடைத்த பாக்கியம் பாளையக்காரருக்குக் கிடைக்கவில்லை.

சரி, படத்தில் இடம்பிடித்தவர்களாவது பிழைத்தார்களா? 1801ல் கர்நாடக ராஜ்ஜியம் மொத்தமும் கம்பெனி கைக்குப் போனது. 1838ல் செரோக்கிகளைச் சொந்த மண்ணிலிருந்து அமெரிக்க ராணுவம் விரட்டியது. அந்த நெடும்பயணத்தில் செத்தவர்கள் சுமார் 4,000 பேர். படம் மிஞ்சியது, நிலம் போச்சு!

பூலித்தேவர் என்ன ஆனார்? சங்கரன்கோவிலில் சாமி கும்பிட உள்ளே போனவர், அப்படியே ஜோதியில் கலந்துவிட்டார் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவர் முகம் யாருக்கும் கிடைக்காமல் போனதற்கு, ஊர் வைத்திருக்கும் காரணம் இதுதான்.