ஒரு மாத்திரை மௌனம்

டோக்கியோ குழுவோடு காணொளிக் கூட்டம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கற்றுக்கொண்டிருந்த ஜப்பானியத்தில் ‘சத்தம் வரல’ என்றேன். திரையில் எல்லா முகங்களும் சிரித்தன. நான் சொன்னது ‘கணவர் வரல’ என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு, நடுவிலிருக்கும் மெய்யின் நீளம். ஒன்றில் நாக்கு தொட்டதும் விலகிவிடும். மற்றதில் ஒரு தாளம் அங்கேயே நிற்கும்.

படு, பட்டு என்று பேசி வளர்ந்தவனுக்கு இது என்ன கஷ்டம்? கஷ்டமே அங்கேதான். தமிழில் ஒற்றை வல்லினம் உயிர்களுக்கு நடுவே வந்தால் மெலிந்துவிடும். அழுத்தி ஒலிக்க இரட்டிக்க வேண்டும். நம் காது நீளத்தை மட்டும் அளப்பதில்லை, அழுத்தத்தையும் சேர்த்தே கேட்கிறது. ஜப்பானியருக்கு ஒற்றைக் ககரம்தான், நாம் ‘ஒசாக்கா’ என்று எழுதுகிறோம். தமிழில் எழுதினால் அந்தச் சத்தமும் ‘ஒத்தோ’, கணவரும் ‘ஒத்தோ’.

இந்த இடத்தில் நமக்கு முன்னால் நின்றவர்கள் இயேசு சபைப் பாதிரிகள். 1603இல் நாகசாகியில் அவர்கள் அச்சிட்ட ஜப்பானிய–போர்ச்சுகீசிய அகராதியில் சுமார் 32,000 சொற்கள். லத்தீனில் இருந்த இரட்டை மெய்கள் போர்ச்சுகீசியத்தில் எப்போதோ ஒற்றையாகிவிட்டன. ஆனாலும் ஜப்பானியரின் நீண்ட மெய்களை அவர்கள் ரோமன் எழுத்தில் இரட்டித்தே எழுதினார்கள். ஜப்பானியர்கள் தங்கள் கானா எழுத்தில், நிற்கும் அந்த மெய்க்கு ‘ட்சு’ என்ற எழுத்தையே முழு அளவில் போட்டுவந்தார்கள். அதை ‘ட்சு’ என்று படிப்பதா, நின்று கடப்பதா என்பது படிப்பவர் பொறுப்பு. கூடியவரை அதைச் சிறிதாக எழுதச் சொல்லும் அரசின் எழுத்து விதி 1946இல்தான் வந்தது.

மொழி தெரிந்தவனுக்கு எழுதிக்காட்டத் தேவையில்லாததை, தெரியாதவன்தான் கவனமாக எழுதிவைக்கிறான். நமக்கும் அப்படித்தான்: ஒரே ககரத்தை எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெலிய விட வேண்டும் என்று யாரும் நமக்கு எழுதிக்காட்டியதில்லை. அந்தச் சௌகரியம்தான் டோக்கியோவில் என் காலை வாரியது.

தொல்காப்பியம் மெய்க்குத் தருவது அரை மாத்திரை. ஜப்பானியத்தில் அந்தச் சின்ன ‘ட்சு’வுக்கு ஒரு முழுத் தாளம். ஹைக்கூவின் ஐந்து–ஏழு–ஐந்தில் அதுவும் ஒன்றாக எண்ணப்படும். எனக்குக் குறைந்தது அந்த அரை மாத்திரைதான்.

இப்போதெல்லாம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே பேசுகிறேன். பெரும்பாலும் சத்தம் வருகிறது. எப்போதாவது கணவரும் வந்துவிடுகிறார்.