போதையும் சட்டமும்: சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் கஞ்சா, கள், அபின்

சிங்கப்பூரில் 2015 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தீவு முழுவதற்கும் தடைசெய்தது. இவ்விதி அனைவர்க்கும் பொதுவானது. ஆயின் அதே சட்டத்தின்கீழ் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆக்கப்பட்டன. அவ்விரு வட்டாரங்களில் சனிக்கிழமை காலை 7 மணி தொடங்கித் திங்கட்கிழமை காலை 7 மணி வரை தெருவில் நின்று பீர் குடிப்பது குற்றம். அதே பீரை அதே பகற்பொழுதில் கடற்கரைப் பூங்காவில் குடிப்பது குற்றமன்று. பொருள் ஒன்றாயிருக்க, இடத்தால் சட்டம் வேறுபடுகின்றது.

இது புதுமையான ஏற்பாடன்று என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழைவது. எந்தப் போதைப்பொருள் ஏற்புடையது, எது குற்றம் என்னும் வரையறை இந்நகரில் பொருளின் தன்மையை மட்டும் நோக்கி அமைந்ததில்லை. அதனை யார் நுகர்ந்தனர், எங்கு நுகர்ந்தனர், அரசுக்கு அதனால் எவ்வளவு வருவாய் கிட்டியது என்பனவும் அதனை முடிவு செய்தன. தமிழர் வரலாறு இம்மூன்றனுள்ளும் அகப்பட்டுக் கிடக்கின்றது.

சிங்கப்பூர் தொடக்கம் முதலே சுங்கவரியற்ற துறைமுகம். வரியின்றி ஊரை எவ்வாறு நடத்துவது? வில்லியம் ஃபர்குவார் 1820இல் கண்ட வழி, அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றுக்கான உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடுவது. ராஃபிள்ஸ் இதனை விரும்பவில்லை. 1823இல் சூதாட்டத்தைத் தடையும் செய்தார். ஆனால் அவருக்குப் பின் ஆட்சிப் பொறுப்பேற்ற ஜான் க்ராஃபர்ட், கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் குத்தகை முறையை நிலைநிறுத்தினார். (சூதாட்டக் குத்தகை மட்டும் 1829இல் கைவிடப்பட்டது.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது. இதனைக் கார்ல் ட்ராக்கி 1990இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். குத்தகைதாரர் ஏலத்தொகையைத் தவணையாகச் செலுத்துவார். மாற்றாக, அபினைக் காய்ச்சிச் ‘சண்டு’ ஆக்கி விற்கும் தனியுரிமை அவருடையது. கடத்தல்காரரைப் பிடிக்க அவரே காவலாட்களையும் வைத்துக்கொண்டார். ஆகவே அக்காலத்தில் ‘கள்ள அபின்’ எனப்பட்டது வேறொரு பொருளன்று. குத்தகைதாரர்க்குப் பணம் செலுத்தப்படாத அபினே கள்ள அபின்.

அபினைச் சீனர் வரலாற்றுக்கு உரியதென ஒதுக்கிவிடும் வழக்கம் நம் துறையில் உண்டு. அது சரியன்று எனக் கருதுகிறோம். சிங்கப்பூர்க் கூலிகள் புகைத்த அபினின் பெரும்பகுதி பீகாரிலும் காசியைச் சூழ்ந்த பகுதிகளிலும் இந்திய உழவர் முன்பணம் பெற்று விளைவித்தது. பாட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த அரசு ஆலைகளில் உருட்டிப் பெட்டியிலடைத்து, கல்கத்தாவில் ஏலம்விடப்பட்டது. விளைத்தவன் இந்தியன், புகைத்தவன் சீனன், இரு முனையிலும் பணம் பெற்றது ஒரே பேரரசு.

குத்தகைப் பட்டியலில் அபினுக்கும் சாராயத்துக்கும் கீழே, கள்ளும் ‘பாங்கு’ எனப்பட்ட கஞ்சா இலையும் இடம்பெற்றிருந்தன. கஞ்சாவை நுகர்ந்தோர் பெரும்பாலும் இந்தியர்: சிப்பாய்கள், வண்டிக்காரர்கள், 1825 முதல் இங்குக் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையையும் எழுப்பிய கைகள் அக்கைதிகளுடையவை. நீரிணைக் குடியேற்றங்களில் கஞ்சா 1870இல் தடைசெய்யப்பட்டது. அபினோ அதன்பின் எழுபத்தாறு ஆண்டுகள் சட்டத்தின் பாதுகாப்போடு விற்கப்பட்டது. கஞ்சாக் குத்தகையால் வந்த வருவாய் அபினோடு ஒப்பிடத் தக்கதன்று. அதனை இழப்பதால் கருவூலம் அசையாது என்பதும் தடையை எளிதாக்கியிருக்கும் என்பது நம் கருத்து. இதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின், 1893-94இல், அதே பேரரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அளவான நுகர்வால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை வேண்டா, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று அது அறிவித்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இலையைக் கஞ்சாவின் வரையறைக்குள் சேர்க்கவில்லை. ஹோலி நாளில் வட இந்தியாவில் பருகப்படும் பாங்கு இதனாலேயே நிலைத்திருக்கின்றது.

கள்ளின் கதை வேறு. சங்கச் செய்யுளில் அது இழிபொருளன்று; அதியமான் தன் கள்ளை ஔவையோடு பகிர்ந்துண்டவன். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இவ்விரு மரபுகளையும் கடந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கள் ஒரு நிருவாகக் கருவியாயிற்று. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுக்கும். மறுநாள் புளித்துப் போகும். தொலைவு கொண்டு செல்ல இயலாத பொருளாதலால் குடிப்பவன் வாழும் இடத்துக்கருகே கடை இருந்தாக வேண்டும். தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் கூலி வரிசைகளையொட்டி அமைந்தன. அவற்றின் ஆதாயம் தொழிலாளர் நலநிதியில் சேர்க்கப்பட்டது. தொழிலாளி குடித்துக் கெட்ட பணத்திலிருந்து அவன் பிள்ளைகளுக்கு நலப்பணி செய்யப்பட்டதென்பதை எண்ணுகையில் நகைப்பதா வருந்துவதா என அறியோம். சிங்கப்பூர் நகரில் அரசே கள்ளுக்கடை நடத்தியது. கடைகளை மூடினால் தொழிலாளர் நச்சுத்தன்மை மிக்க கள்ளச் ‘சம்சு’வை நாடுவர் என்பது அரசு தரப்பில் வழக்கமாகக் கூறப்பட்ட காரணம். அக்காரணம் முற்றும் பொய்யன்று. சம்சு குடித்துப் பார்வையும் உயிரும் இழந்தோர் உண்டு.

சீர்திருத்தக்காரர் இவ்வாதத்தை ஏற்கவில்லை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பெரியாரின் மலாயாப் பயணம், 1932இல் சிங்கப்பூரில் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு ஆகியவற்றின் வழியே மதுவிலக்குக் கருத்து பரவியது. 1937 அக்டோபரில் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் கொணர்ந்த மதுவிலக்கும் இங்குள்ளோர்க்கு ஊக்கமளித்தது. போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை, 1947இல் பீடோங் வட்டாரக் கள்ளுக்கடைகளை மறித்துக் காவல்துறையோடு மோதியது. கள்ளை எதிர்த்த தொழிலாளி ஒழுங்கைக் குலைப்பவனாகக் கைதானான்.

இவ்வியக்கங்கள் விட்டுச்சென்ற மற்றொன்றும் உண்டு. சிராங்கூன் சாலை வட்டாரத்து முதியோர் சிலரிடம் கள்ளுக்கடை பற்றி நாம் வினவியபோது முதலில் கிடைத்த விடை ஒன்றே: எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. இரண்டாம் முறை தேநீர் அருந்தும்போது கடையின் புளித்த வாடை, தகரக் குவளை, வாயிலில் நின்று தந்தையை அழைத்த சிறுவன் என ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆவணங்களில் கேலனும் டாலரும் உள, குடித்தவன் இல்லை. அவனைக் குடும்பமும் மறைத்துவிட்டது.

அபின் மறைந்த விதம் இதற்கு நேர்மாறானது. மருத்துவர்களான லிம் பூன் கெங், யின் சுவாட் சுவான் ஆகியோர் 1906இல் எதிர்ப்பியக்கத்தை முன்னெடுத்தனர். 1907இல் ஆணையம் அமைந்தது. 1910இல் குத்தகை ஒழிந்து அரசே விற்பனையாளராயிற்று. பாசிர் பாஞ்சாங்கில் அரசின் சண்டு ஆலை இருந்த மலையடிவாரத்தால் அம்மலைக்குப் புக்கிட் சண்டு என்ற பெயர் நிலைத்தது. 1942இல் மலாய்ப் படைப்பிரிவு இறுதிவரை போரிட்ட மேடும் அதுவே. 1929 முதல் புகைப்போர் பதிவு செய்யப்பட்டனர். 1933இல் மருத்துவர் சென் சு லான் அபின் ஒழிப்பு மருத்துவமனை தொடங்கினார். 1946இல் முழுத்தடை வந்தது. 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. வருவாய் தந்தவனை அரசு படிப்படியாக நோயாளியாகக் கொண்டு நடத்தியது எனலாம்.

1973இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் அந்தப் படிநிலைகளை மறந்தது. ஹெராயின் பரவலைக் கண்ட அரசின் அச்சம் உண்மையானது. 1977இல் ‘ஃபெரெட் நடவடிக்கை’ அதன் அளவைக் காட்டியது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கடத்தலுக்குக் கட்டாய மரணதண்டனையைக் கொணர்ந்தது. இன்றுள்ள வரம்புகள் ஹெராயினுக்கு 15 கிராம், கஞ்சாவுக்கு 500 கிராம், அபினுக்கு 1,200 கிராம். 2013 முதல் பொருளைச் சுமந்து சென்றவர்க்கு மட்டும், சில நிபந்தனைகளின்பேரில், ஆயுள் தண்டனை விதிக்க இடமுண்டு. 42.72 கிராம் ஹெராயின் கொண்டுவந்த மலேசியத் தமிழர் ஒருவர் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவரது அறிவுத்திறன் குறைபாடு வழக்கில் நெடிது வாதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்த உடந்தையாயிருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் 2023 ஏப்ரலில் அவ்வழியே சென்றார். அதே ஆண்டு மலேசியா கட்டாய மரணதண்டனையை நீக்கியது. ஒரு காலத்தில் இத்தீவின் அரசு ஏலத்தில் விட்ட இலைதான் அது.

மீண்டும் லிட்டில் இந்தியாவுக்கு வருவோம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தில் சிக்கித் தமிழகத் தொழிலாளி ஒருவர் மாண்டார், கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அளித்த அறிக்கை, மதுவை முக்கியக் காரணிகளுள் ஒன்றாகச் சுட்டியது. வேலை, வாழ்விடம் பற்றிய மனக்குறையே கலவரத்தின் வேர் என்னும் கருத்தை ஏற்கவில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்தது. பழைய கள்ளுக்கடை தொழிலாளியை ஒரு முற்றத்துக்குள் குடிக்க வைத்தது. புதிய சட்டம் அவனைத் திறந்த வெளியிலிருந்து அகற்றியது. ஞாயிறு மாலையில் தேக்காவில் உரிமம் பெற்ற உணவகத்தின் கதவுக்குள் அமர்ந்து குடிப்பதற்குத் தடையில்லை. அங்கு விலைதான் கூடுதல்.